மாமாவின் மூன்று நாள் வீடு

மாமா சிறையில் இருந்த காலத்தில் அவருக்கு இரண்டு படுக்கையறைகளுடன் ஒரு வீடு இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அந்த வீடு சிறைக்குச் சொந்தமானது. ஒழுங்காக நடந்துகொள்ளும் கைதிகள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தங்கள் குடும்பத்தோடு மூன்று நாட்கள் அதில் தங்கலாம். பெரிய முட்கம்பி வேலிக்கு உள்ளே இன்னொரு சிறிய வேலி. அந்தச் சிறிய வேலிக்குள் சமையலறை, ரீவி, புல்தரை எல்லாம் உள்ள ஒரு வீடு. நடுத்தரப் பாதுகாப்புச் சிறை என்று அதைச் சொல்வார்கள். எட்டு வயதில் எனக்கு அது நடுத்தரமாகத் தெரியவில்லை. கனடாவில், மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸை விட அங்கே புல்தரை பெரிது.

அம்மா என்னிடம் எதையும் மறைத்ததில்லை. “மாமா பிழை விட்டவர். அதுக்கு நாலு வருசம் அங்கை இருக்கோணும்,” என்று நேராகவே சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிழை செய்தவர்களை இடைவேளையில் சுவரோடு நிற்க வைப்பார்கள். மாமாவை நான்கு வருடத்துக்கு நிற்க வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். கால் நோகாதா என்பதுதான் என் கவலை.

பிழை என்னவென்பதும் ஓரளவு தெரியும். ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் இரண்டு கூட்டப் பொடியன்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் மாமா. வெட்டியது வேறொருவன். வெட்டுப்பட்டவனுடைய வலது கை அதன் பிறகு மடங்கவேயில்லை.

அதற்கு முன்பு மாமா எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ரில்தான் இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாவை விடப் பதினாறு வயது இளையவர். அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அப்பா. விமான நிலையத்துக்குப் போய்த் தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டவரும் அப்பாதான் என்று அம்மா சொல்லுவார். மாமா காலையில் சோளச் சீரியலைப் பாலோடு சட்டியில் போட்டுச் சாப்பிடுவார். பனிக்காலத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார். விசில் அடிக்கப் பழக்கினார். பெண்பிள்ளை விசில் அடிக்கிறாளே என்று அப்பா முறையிட்டபோது, “கனடாவிலை பொலிஸ்காரிகளும் விசில் அடிக்கினம் அத்தான்,” என்றார். மாமா இல்லாத பேஸ்மென்ரில் பிறகு அப்பா வெங்காயச் சாக்குகளை வைத்தார். வெங்காயம் எடுக்க அம்மா ஒரு நாளும் கீழே போனதில்லை. என்னைத்தான் அனுப்புவார்.

அப்பா சிறைக்குள் வருவதேயில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி மூன்று மணி நேரம் ஓடுவார். வாசலில் இறக்கிவிடுவார். நாங்கள் உள்ளே போகும்வரை காரில் இருப்பார். பிறகு திரும்பி வந்து பாண் சுடும் பேக்கரியில் வேலைக்குப் போவார். திங்கட்கிழமை மறுபடி வந்து ஏற்றுவார். வழியில் மாமாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார். அம்மாவோ ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கும்போது அப்பாவின் பெயரையும் சேர்த்தே கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கும் அனுமதி கிடைக்கும். அவர் காரை விட்டு இறங்கமாட்டார்.

அப்பாவுக்கு மாமாவில் தீராத கோபம் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அப்பா நேர்மையென்றால் நேர்மை, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டமான நேர்மை. யாராவது ரெலிபோன் எடுத்து அம்மாவைக் கேட்டால், அம்மா கையை ஆட்டி ‘இல்லை எண்டு சொல்லுங்கோ’ என்று சைகை காட்டுவார். அப்பா ரெலிபோனில், “வீட்டிலை இல்லை எண்டு சொல்லச் சொல்லுறா,” என்பார். அந்த ஒரு வசனத்தால் எங்களுக்கு ஸ்காபரோவில் பாதிச் சொந்தக்காரர் குறைந்தார்கள். அப்படிப்பட்டவர் பிழை செய்த மாமாவை எப்படி மன்னிப்பார்?

நான் சொல்ல வந்த வெள்ளிக்கிழமை, இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு ஒக்ரோபர் மாதத்தில் வந்தது. வாசல் கட்டடத்துக்குள் வழமைபோல அம்மாவும் நானும் போனோம். அங்கே ஒரு இயந்திரம் இருந்தது. ஒரு சிறு துணித் துண்டால் எங்கள் உள்ளங்கைகளையும் பையின் பிடியையும் துடைத்து அதற்குள் வைப்பார்கள். போதைப்பொருளின் தூசு இருந்தால் அது சத்தம் போடும். எங்களுக்கு அது ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அன்றைக்கு அம்மாவின் கையைத் துடைத்தபோது போட்டது.

அம்மாவுக்குத் தோள்மூட்டில் நோவு. அதற்குப் பூசிய தைலமோ, வேலையிடத்துக் கையுறைக்குள் இருக்கும் பவுடரோ, எதுவென்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவையும் துடைத்தார்கள். இரண்டாம் தடவையும் சத்தம். மேலதிகாரி ஒருவர் வந்து அம்மாவைத் தனியே கூட்டிப்போய் நெடுநேரம் கதைத்தார். தாங்கள் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை என்றும், ஆனால் விதி விதிதான், இந்தத் தடவை அம்மா உள்ளே போகமுடியாது என்றும் மரியாதையாகவே சொன்னார். அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பா இன்னும் கார் தரிப்பிடத்தில்தான் நின்றார். அம்மா கண்ணாடியில் தட்டினார்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் போங்கோ.”

“எங்கை?”

“உள்ளை.”

அப்பா காரின் சுக்கானைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு நாளைக்கு வேலை,” என்றார்.

“என்னை விடமாட்டினமாம். பிள்ளையைத் தனியவும் விடமாட்டினம். ரெண்டு மாசமாய்ப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். சாமானெல்லாம் வாங்கி அடுக்கி வைச்சிருப்பான்.”

“நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?”

“ஒண்டும் கதைக்க வேண்டாம். இருந்தாக் காணும்.”

அப்பா காரை விட்டு இறங்கினார். கார்த் திறப்பை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அந்த ஊரிலேயே ஒரு மோட்டலில் தங்குவதென்று முடிவாயிற்று. அப்பாவின் கைகளை இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பாண் மா மணக்கும் கைகள். உள்ளே போகும்போது அவருடைய கையைப் பிடித்தேன், வியர்த்திருந்தது. எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை வியர்க்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மாமா வீட்டு வாசற்படியில் நின்றார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார். பின்னால் அப்பாவைக் கண்டதும் விரித்த கைகள் அப்படியே நின்றன. நான் ஓடிப்போய் அவற்றுக்குள் புகுந்துகொண்டு, அம்மாவின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமா என் தலைக்கு மேலாகப் பார்த்து, “வாங்கோ அத்தான்,” என்றார். அப்பா “ம்,” என்றார். அன்றைக்கு அவர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாகக் கதைத்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு எல்லாம் என் மூலமாக நடந்தது.

“அத்தானுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ எண்டு கேள் பிள்ளை.”

அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மாமா சொன்னது சுவருக்கு அப்பாலும் கேட்டிருக்கும். நான் திரும்பி, “அப்பா, சீனி போடுறதோ?” என்றேன்.

“ஒரு கரண்டி எண்டு சொல்லு.”

“ஒரு கரண்டியாம் மாமா.”

“சரி எண்டு சொல்லு.”

“சரியாம் அப்பா.”

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னேரமாகும்போது களைத்துப்போனேன். அங்கே ஒரு பெட்டியில் பழைய சீட்டுக்கட்டு இருந்தது. கழுதை விளையாட்டுக்குப் பேச்சு தேவையில்லை என்பதால் இருவரையும் இருத்திவைத்து விளையாடினோம். அப்பா தோற்றார். விதிப்படி நான் “அப்பா கழுதை!” என்று கத்தினேன். மாமா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டு சீட்டை அடுக்கினார்.

இடைக்கிடை ரெலிபோன் மணி அடிக்கும். அடித்தால் மாமா எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு வாசற்படியில் போய் நிற்பார். ஓடிப்போகவில்லை என்று காட்டுவதற்கு. ஒரு அதிகாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கையசைப்பார். மாமா திரும்பி வருவார். முதல் தடவை அது நடந்தபோது அப்பாவும் எழுந்து ஜன்னலருகே போய்ப் பார்த்தார். இரண்டாம் தடவை எழும்பவில்லை. குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல்தரைக்குக் காட்டு வாத்துகள் வந்தன. வானத்திலிருந்து நேரே முட்கம்பிகளைத் தாண்டி இறங்கிப் புல் மேய்ந்து, எங்கும் எச்சமிட்டுவிட்டு, மறுபடி பறந்து போயின. அதிகாரிகளோடு சண்டை பிடிக்கும் வாத்து எது, சோம்பேறி எது என்றெல்லாம் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுக்கு என் பெயரை வைத்திருந்தார். அதுதான் அங்கே அதிகம் சத்தம் போடுவது.

அப்பாவிடம் மாற்று உடுப்பு இல்லை. கொண்டுவந்த பையில் இருந்ததெல்லாம் அம்மாவுடையதும் என்னுடையதும். சனிக்கிழமை காலையில் மாமா ஒரு வெள்ளை ரீசேட்டை மடித்து என்னிடம் தந்து, “கொண்டுபோய்க் குடு,” என்றார். அப்பா அதை விரித்துப் பார்த்தார். வேண்டாமென்று திருப்பி அனுப்பப்போகிறார் என்று காத்து நின்றேன். குளியலறைக்குப் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். மாமாவும் அதேபோன்ற வெள்ளை ரீசேட்தான் போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே விளையாட்டு அணியைச் சேர்ந்தவர்கள் போல இருந்தார்கள், ஒருவருக்கொருவர் பந்து கொடுக்காத அணி.

அன்று மத்தியானம் கோழிக்கறி வைப்பதென்பது மாமாவின் திட்டம். வெளிச் சாப்பாடு எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. முன்கூட்டியே சொல்லிவைத்துச் சிறை மூலமாக வாங்கிய சாமான்கள் மட்டும்தான். அதில் எங்கள் கறித்தூள் கிடைக்குமா? மாமா உலர்ந்த மிளகாயும் மல்லியும் மிளகும் மட்டும் எப்படியோ எடுப்பித்திருந்தார். தூளைத் தானே வறுத்து இடிக்கப்போகிறார். மிளகாயைச் சட்டியில் போட்டு வறுத்தார். நல்ல வாசம் வந்தது. பிறகு தும்மல் வந்தது. பிறகு கண் எரிந்தது. பிறகு கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது.

“ஜன்னலைத் திற! ஜன்னலைத் திறவடா!” என்று அப்பா கத்தினார். என்னிடமல்ல, நேரே மாமாவிடம். அவரே துவாயை எடுத்துக் கதிரையில் ஏறி அலாரத்துக்குக் கீழே விசிறினார். மாமா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இழுத்தார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன்.

வேலிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. இரண்டு அதிகாரிகள் ஓடி வந்தார்கள்.

மாமா வெளியே போய்ப் படியில் நின்றார். இரண்டு கைகளும் தெரியும்படி பக்கவாட்டில் தொங்கின. கண்கள் நிலத்தில். அந்த மாமாவை எனக்குத் தெரியாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர், வாத்துக்கு என் பெயர் வைத்தவர், ஒரு நொடியில் எங்கோ போய்விட்டார். ஏதாவது பிரச்சினை வந்தால் அந்த நிமிடமே எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், பிறகு மாமாவை இந்த வீட்டுக்கு விடவும் மாட்டார்கள் என்று அம்மா முன்பே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மீசை வைத்த மூத்த அதிகாரி உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார். கறுத்துப்போன மிளகாயைப் பார்த்தார். இருமினார். அடுப்பில் நின்றது யார் என்று கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா கதிரையிலிருந்து இறங்கி வந்து முன்னால் நின்றார்.

“நான்தான்,” என்றார், தன்னுடைய பேக்கரி ஆங்கிலத்தில். “நான்தான் சமைத்தேன். அவர் அறைக்குள் இருந்தார். என்னுடைய பிழை.”

நான் திகைத்துப்போனேன். அப்பா பொய் சொல்கிறார். அதுவும் சீருடை போட்ட ஒருவரிடம். உலகத்தில் நடக்கமுடியாத ஒன்று என் கண் முன்னால் நடந்தது. அதைத் திருத்துவது என் கடமை என்று பட்டது.

“எங்கள் அப்பாவுக்குச் சமைக்கவே தெரியாது,” என்று உரத்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கறுத்த சட்டியை மறுபடி பார்த்தார்.

“அது மணத்திலேயே தெரிகிறது,” என்றார்.

மற்ற அதிகாரி சிரித்துவிட்டார். ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். இனிமேல் அடுப்பைத் தெரிந்தவரிடம் விடும்படி அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். போய்விட்டார்கள். வேலிக் கதவு மூடும்வரை நாங்கள் மூவரும் அசையவில்லை.

மாமா மெதுவாக உள்ளே வந்தார். “அத்தான்,” என்றார். “உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியுமோ?”

“பார்த்துக்கொண்டு நிக்காமல் கோழியைப் போடு,” என்றார் அப்பா.

அந்தக் கறியின் உறைப்பில் எனக்கு மூக்கு ஓடியது. அப்பா மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு அவர்கள் இருவரும் வாசற்படியில் இருந்தார்கள். நான் உள்ளே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது.

“அண்டைக்கும் உப்பிடி ஒண்டைச் சொல்லியிருக்கலாமே அத்தான்,” என்று மாமா சொன்னது கேட்டது. கோபமில்லாமல், உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சொன்னார்.

“சொல்லியிருக்கலாம்,” என்றார் அப்பா. “கேட்டாங்கள், சொல்லிப்போட்டன். யோசிக்கேல்லை. பிறகுதான் யோசிச்சன். அண்டையிலையிருந்து அதைத்தானே யோசிக்கிறன்.”

“நீங்கள் கோவத்திலை வராமல் இருக்கிறியள் எண்டு நினைச்சன்.”

“எனக்கு என்னடா கோவம்? நீதான் என்ரை முகத்திலை முழிக்கமாட்டாய் எண்டு...” அப்பா முடிக்கவில்லை.

“அந்தப் பொடியன்ரை கை இனி மடங்காதாம்,” என்றார் மாமா. “நீங்கள் சொல்லியிருக்காட்டி நான் அடுத்த கிழமையும் அவங்களோடைதான் போயிருப்பன்.”

அப்பா ஏதோ சொன்னார். கார்ட்டூன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கை மாமாவின் பிடரியில் இருந்தது. இவர்கள் இன்னும் கருகிய மிளகாயைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சட்டிக்கு இவ்வளவு யோசனையா?

பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மாவிடம் கேட்டு முழுக்கதையும் அறிந்தேன். சண்டை நடந்ததற்கு மறுநாள் பொலிஸ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. திறந்தவர் அப்பா. மாமாவின் பெயரைச் சொல்லி, இங்கே இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். “ஓம், கீழை இருக்கிறார்,” என்று அப்பா சொன்னார். அவருக்கு வேறு விதமாகப் பதில் சொல்லத் தெரியாது. அம்மா அந்த நேரம் அடுக்களையில் நின்றிருக்கிறார். அதைப் பற்றி அப்பாவிடம் அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லை. ஒவ்வொரு இரண்டு மாதமும் அவருடைய பெயரையும் சேர்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளுக்குப் பின் அப்பா எல்லாச் சந்திப்புக்கும் வந்தார். மாமா வெளியே வந்து இப்போது வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்ரில் கல்யாணம் முடித்து இருக்கிறார், லொறி ஓடுகிறார், எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு அவருடைய கோழிக்கறிதான். மடங்காத கையுடைய அந்த மனிதரை ஒரு தடவை கோவிலில் தூரத்தில் கண்டதாகவும், கிட்டப் போகத் தைரியம் வரவில்லை என்றும் போன வருடம் என்னிடம் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அப்பா வெள்ளை ரீசேட்டைத் தானே கழுவிக் காயவிட்டுவிட்டு, வரும்போது போட்டிருந்த சட்டையோடு வெளியே வந்தார். கார் தரிப்பிடத்தில் அம்மா எங்களுக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் மோட்டல் பாணும் பழமும்தான் சாப்பாடாம், முகம் வாடியிருந்தது. அவரே சுக்கானுக்குப் பின்னால் இருந்தார். அப்பா பக்கத்தில் ஏறினார். நான் பின்னால்.

அம்மா காரைக் கிளப்பவில்லை. “என்ன கதைச்சனீங்கள்?” என்று கேட்டார்.

“பெரிசா ஒண்டுமில்லை,” என்றார் அப்பா. “கோழிக்கறி வைச்சுத் தந்தவன்.”

“எப்பிடி?”

“நல்லாய் இருந்தது. கொஞ்சம் உறைப்பு. அடுத்தமுறை நானும் வாறன்.”

அம்மா சுக்கானில் இரண்டு கைகளையும் வைத்து, அவற்றின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அப்பா ஒன்றும் செய்யாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. மூன்று நாள் பாண் சாப்பிட்ட ஒருவரிடம் போய்க் கறியின் ருசியைச் சொல்வார்களா? நான் முன்னால் எட்டி அம்மாவின் முதுகைத் தடவினேன்.

“அழாதேங்கோ அம்மா,” என்றேன். “மாமாட்டைச் சொல்லி உங்களுக்கும் வைச்சுத் தரச் சொல்லுறன்.”